அமெரிக்கர் ஆக எத்தனை சொல் வேண்டும்?

குடியுரிமை கேட்டு விண்ணப்பிப்பவருக்கு அமெரிக்க அரசு வைக்கும் ஆங்கில வாசிப்பு, எழுத்துத் தேர்வு சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதிகாரி காட்டும் மூன்று வாக்கியங்களில் ஒன்றை உரக்க வாசிக்க வேண்டும். அவர் சொல்லச் சொல்ல மூன்றில் ஒன்றை எழுத வேண்டும். முதல் வாக்கியத்திலேயே தேறிவிட்டால் இரண்டாவது வராது. வாக்கியங்கள் எவை என்பதைக் குடியுரிமை, குடிவரவுச் சேவைத் துறை வெளியே சொல்வதில்லை. அவற்றில் வரக்கூடிய சொற்களை மட்டும் வாசிப்புக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று என இரண்டு பட்டியல்களாக வெளியிட்டிருக்கிறது. ஒவ்வொரு பட்டியலும் ஒரே தாளில் அடங்கிவிடும்.

வாஷிங்டன், லிங்கன், கொடி, குடிமகன், மாநிலம், வெள்ளை மாளிகை, வரி, வாக்கு, டாலர் நோட்டு, சிவப்பு, வெள்ளை, நீலம், வடக்கு, தெற்கு, ஐம்பது, நூறு. கூடவே வா, வாழ், செலுத்து, தேர்ந்தெடு என்று கைவிரலில் எண்ணக்கூடிய சில வினைச்சொற்கள். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்குக்கூட இதில் பாதி தெரிந்திருக்கும். யாருக்கும் உறுத்தாத, எந்தக் கட்சியும் குறை சொல்ல முடியாத சொற்களாகப் பொறுக்கி எடுத்த பட்டியல் இது. ஆனால் இதில் உள்ள சொற்களில் சண்டை நடக்காத சொல் அபூர்வம். சில சண்டைகள் இன்னும் ஓயவில்லை.

நிறம் பார்த்த காலம்

மொழித் தேர்வு தொடக்கத்திலிருந்தே இருந்ததல்ல. 1790இல் வந்த முதல் குடியுரிமைச் சட்டம் இரண்டு ஆண்டு வசிப்பையும் நன்னடத்தையையும் கேட்டது, எழுத்தறிவைக் கேட்கவில்லை. அது கேட்ட முக்கியமான தகுதி வேறு: விண்ணப்பிப்பவர் அடிமையல்லாத வெள்ளையராக இருக்க வேண்டும். உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு, 1870இல் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் வழி திறந்தது. ஆசியர்களுக்குத் திறக்கவில்லை.

இந்தியர்கள் இந்தச் சுவரில் முட்டிக்கொண்ட வழக்கு பிரபலமானது. முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய பஞ்சாபி சீக்கியர் பகத் சிங் திண்ட், இனவியல் நூல்களின்படி தானும் காக்கேசிய இனம்தான், எனவே வெள்ளையர்தான் என்று வாதாடினார். 1923இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வெள்ளையர் என்ற சொல்லைச் சாதாரண மனிதன் எப்படிப் புரிந்துகொள்கிறானோ அப்படித்தான் கொள்ள வேண்டும், நூல்கள் சொல்வது செல்லாது என்றது. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்து அது பறிக்கப்பட்டது. திண்டுக்கு மட்டும் பின்னால் முன்னாள் படைவீரர்களுக்கான தனிச் சட்டம் கைகொடுத்தது. இந்தியர்கள் குடியுரிமை பெறலாம் என்று 1946இல்தான் சட்டம் வந்தது. குடியுரிமைக்கு இனத் தகுதி என்பதே 1952இல் ஒழிந்தது.

மொழித் தகுதி இதற்கிடையில் படிப்படியாக நுழைந்தது. 1906இல் ஆங்கிலம் பேசத் தெரிந்தால் போதும் என்றார்கள். கம்யூனிச பயம் உச்சத்தில் இருந்த 1950இல் வாசிப்பும் எழுத்தும் சேர்ந்தன. நாட்டின் வரலாறும் ஆட்சிமுறையும் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் அப்போது வந்ததுதான். அன்றாடப் புழக்கத்தில் உள்ள ஆங்கிலச் சொற்களை விண்ணப்பதாரர் அறிந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். அன்றாடச் சொற்கள் எவை என்பதை அது சொல்லவில்லை. அதனால் பல ஆண்டுகள் ஊருக்கு ஊர், அதிகாரிக்கு அதிகாரி அளவுகோல் மாறியது. அதைச் சீராக்கத்தான் 2008 அக்டோபரில் புதிய தேர்வு வந்தது. இன்றுள்ள சொற்பட்டியல்கள் அப்போது நடைமுறைக்கு வந்தவை.

மாட்சிமை தங்கிய அதிபர்?

பட்டியலில் ஆட்களின் பெயர் மூன்றுதான்: வாஷிங்டன், லிங்கன், ஆடம்ஸ். மூவரும் அதிபர்கள், மூவரும் ஆண்கள். பெண்கள் வாக்குரிமைக்குப் போராடிய சூசன் பி. அந்தோணியும் மார்ட்டின் லூதர் கிங்கும் தேர்வின் இன்னொரு பகுதியான குடிமையியல் வினாக்களில் வருகிறார்கள். வாசிப்பு, எழுத்துப் பட்டியல்களில் இல்லை. தேசத்தந்தை என்பதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொற்றொடர் வாஷிங்டனுக்காகவே இரண்டு பட்டியல்களிலும் இருக்கிறது.

அந்த வாஷிங்டனை எப்படி அழைப்பது என்பதுதான் 1789இல் கூடிய முதல் செனட்டின் பெரிய தலைவலி. 'பிரசிடென்ட்' என்பது அன்றைக்குக் கம்பீரமான சொல் அல்ல. சின்னச் சின்னக் கழகங்களுக்கும் பிரசிடென்ட் உண்டு. ஐரோப்பிய மன்னர்கள் மதிக்க வேண்டுமானால் இன்னும் கனமான பட்டம் தேவை என்று துணை அதிபர் ஜான் ஆடம்ஸ் மல்லுக்கட்டினார். ஐக்கிய அமெரிக்க நாடுகளின் மாட்சிமை தங்கிய அதிபர், மக்கள் உரிமைகளின் காவலர் என்று முழ நீளத்துக்கு ஒரு பட்டத்தைச் செனட் குழு முன்வைத்தது. கீழவை மறுத்துவிட்டது. சாதாரண 'மிஸ்டர் பிரசிடென்ட்' நிலைத்தது. பருமனான ஆடம்ஸுக்கோ 'மாண்புமிகு உருண்டையார்' என்ற பொருளில் ஒரு பட்டப்பெயர்தான் மிஞ்சியது.

வெள்ளை மாளிகையில் முதலில் குடியேறியவரும் அதே ஆடம்ஸ்தான், 1800 நவம்பரில். கட்டுமானத்தில் அடிமைகளின் உழைப்பும் இருந்தது. 1814இல் ஆங்கிலேயப் படை அதைக் கொளுத்திய பிறகு கரியை மறைக்க வெள்ளையடித்ததால் அந்தப் பெயர் வந்தது என்று ஒரு கதை உலவுகிறது. அது சரியல்ல. மணற்கல் சுவரைப் பனியும் ஈரமும் அரிக்காமல் இருக்க 1798லேயே சுண்ணாம்பு பூசிவிட்டார்கள். தீ வைப்பதற்கு முன்பே மக்கள் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அரசுத் தாள்களில் அதை ஏற்றியவர் தியோடர் ரூஸ்வெல்ட், 1901இல்.

'காங்கிரஸ்' என்ற சொல் தமிழ்க் காதுக்குக் கட்சிப் பெயராகவே ஒலிக்கும். அமெரிக்காவில் அது நாடாளுமன்றம். கீழவையில் மக்கள்தொகைக்கு ஏற்பப் பிரித்த 435 பேர், செனட்டில் மாநிலத்துக்கு இரண்டு வீதம் 100 பேர். எழுத்துப் பட்டியலில் 'நூறு' இடம்பெற்றிருப்பதன் காரணம் இங்கே தெரிகிறது. 'தேர்ந்தெடு' என்ற வினையைச் செனட்டர்களோடு சேர்த்து எழுதுவது 1913க்கு முன் பொருந்தாது. அதுவரை செனட்டர்களை மாநிலச் சட்டமன்றங்களே அனுப்பின. 17ஆம் திருத்தம்தான் அந்த வேலையை மக்களிடம் கொடுத்தது.

'பில்' என்ற சொல் புதிதாக ஆங்கிலம் படிப்பவரைப் பாடாய்ப்படுத்தும். ஓட்டலில் நீட்டுவதும் பில், சட்டசபையில் வைப்பதும் பில், டாலர் நோட்டும் பில். உரிமைச் சாசனத்துக்கும் 'பில் ஆஃப் ரைட்ஸ்' என்றே பெயர். அரசமைப்பில் சேர்ந்த முதல் பத்துத் திருத்தங்கள் அவை. 1791 டிசம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தன. காங்கிரஸ் அனுப்பியது பன்னிரண்டு. விடுபட்ட இரண்டில் ஒன்று, உறுப்பினர்களின் சம்பளத்தைப் பற்றியது, இருநூறு ஆண்டுகள் தூங்கிவிட்டு 1992இல் 27ஆம் திருத்தமாக எழுந்து வந்தது.

கொடி, வரி, ஊர்

கொடியின் மூன்று வண்ணங்களும், மாநிலங்களின் எண்ணிக்கையான ஐம்பதும் பட்டியலில் உண்டு. 1777 ஜூன் 14இல் இயற்றிய தீர்மானம் பதின்மூன்று பட்டைகளையும் பதின்மூன்று விண்மீன்களையும் வகுத்தது. ஜூன் 14 கொடி நாளாக இருப்பது அதனால்தான். இரண்டு மாநிலங்கள் கூடிய பிறகு, 1795இல் பட்டையையும் பதினைந்தாக்கினார்கள். இப்படியே போனால் கொடி தாங்காது என்று 1818இல் பட்டைகளைப் பதின்மூன்றுக்கே திருப்பி, விண்மீனை மட்டும் கூட்டிக்கொண்டே போனார்கள். ஹவாய் சேர்ந்த பிறகு, 1960 ஜூலை 4 முதல் ஐம்பது. விடுதலைப் போரின் தொடக்கத்தில் அமெரிக்கர்கள் ஏற்றிய கொடி, சென்னையில் கோட்டை கட்டி ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் கொடியை அப்படியே ஒத்திருந்தது: மூலையில் ஆங்கிலேயர் கொடி, மற்ற இடத்தில் சிவப்பு வெள்ளைப் பட்டைகள். ஒன்றிலிருந்து மற்றது வந்ததற்கு ஆதாரம் இல்லை.

கம்பெனிக்கும் 'வரி' என்ற சொல்லுக்கும் உள்ள உறவில் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. 1773 டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டிய 342 பெட்டித் தேயிலையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு. லண்டன் நாடாளுமன்றத்தில் தங்களுக்கு உறுப்பினர் இல்லாதபோது அது போடும் வரியைக் கட்ட மாட்டோம் என்பதுதான் அன்றைய முழக்கம். இன்று அதே முழக்கம் தலைநகரிலேயே கேட்கிறது. வாஷிங்டன் டி.சி. எந்த மாநிலத்திலும் சேராது. அங்கே வசிப்பவர்கள் கூட்டாட்சி வரி கட்டுகிறார்கள், ஆனால் காங்கிரஸில் வாக்களிக்கும் உறுப்பினர் அவர்களுக்குக் கிடையாது. 1961இல் வந்த 23ஆம் திருத்தம் அதிபர் தேர்தலில் மட்டும் அவர்களுக்குப் பங்கு தந்தது. பிரதிநிதித்துவம் இல்லாத வரி என்ற வாசகத்தை 2000ஆம் ஆண்டு முதல் வாகன எண்பலகைகளிலேயே பொறித்துவைத்திருக்கிறார்கள்.

மற்ற ஊர்ப் பெயர்கள் பட்டியலுக்குள் வந்ததற்குக் காரணம் உடனே விளங்கும். 'முதலாவது' என்ற சொல்லுக்கு டெலவேர்: அரசமைப்பை 1787 டிசம்பர் 7இல் முதலில் ஏற்ற மாநிலம். 'மிகப் பெரிய' என்பதற்கு அலாஸ்கா: 1867இல் ரஷ்யாவிடம் 72 லட்சம் டாலருக்கு வாங்கிய நிலம். அதிக மக்களுக்குக் கலிபோர்னியா, வடக்குக்குக் கனடா, தெற்குக்கு மெக்சிகோ. நியூயார்க் நகரம் அரசமைப்பின் கீழ் நாட்டின் முதல் தலைநகராக இருந்தது.

பேச்சு தடிக்கும் சொற்கள்

எழுத்துப் பட்டியலில் 'அமெரிக்க இந்தியர்' என்று ஒரு பதிவு. 1492இல் கொலம்பஸ் இந்தியப் பகுதிக்கு வந்துவிட்டதாக எண்ணி வைத்த பெயர் இன்னும் சட்டத்திலும் அரசுத் துறைப் பெயரிலும் நிற்கிறது. இந்தியாவிலிருந்து போனவர் தேர்வில் இதை எழுதும்போது யாரைக் குறிக்கிறோம் என்று ஒரு கணம் தடுமாறக்கூடும். மண்ணின் மைந்தர்கள் எல்லோருக்கும் அமெரிக்கக் குடியுரிமை வந்தது 1924இல்தான். வந்தேறியவர்களுக்குக் குடியுரிமைச் சட்டம் எழுதி 134 ஆண்டுகள் கழிந்த பிறகு.

'உள்நாட்டுப் போர்' அடுத்தது. 1861 முதல் 1865 வரை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட படைவீரர்களைப் பலிகொண்ட போர். தென்மாநிலங்களில் இதை மாநிலங்களுக்கு இடையிலான போர் என்று சொல்லும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. வடக்கத்தியரின் படையெடுப்பு என்பாரும் உண்டு. போருக்கு இட்டுச்சென்ற ஒரு காரணத்தைச் சொல் என்று 2008 தேர்வு கேட்டது. அடிமை முறை, பொருளாதாரக் காரணங்கள், மாநில உரிமை ஆகிய மூன்றில் எதைச் சொன்னாலும் மதிப்பெண். எந்த மாநிலத்தாரையும் பகைத்துக்கொள்ளாத விடை இது. வரலாறு அப்படி மூன்று சம பங்காகப் பிரிவதில்லை. பிரிந்துபோன மாநிலங்கள் வெளியிட்ட அறிக்கைகளே அடிமை முறையைத்தான் முதன்மையாகப் பேசுகின்றன.

'வாக்களி' என்ற வினைக்குள் நான்கு திருத்தங்கள் இருக்கின்றன. 1870இல் நிறத்தைக் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்றது 15ஆம் திருத்தம். 1920இல் பெண்கள். 1964இல் தேர்தல் வரி ஒழிப்பு. 1971இல் பதினெட்டு வயது. இவற்றில் 15ஆம் திருத்தத்தை முறியடிக்கத் தென்மாநிலங்கள் கையாண்ட கருவி வாசிப்புத் தேர்வு என்பதை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். கறுப்பினத்தவர் வாக்காளராகப் பதியப் போனால் அரசமைப்பின் கடினமான பகுதியை நீட்டி விளக்கம் கேட்பார்கள். விளக்கம் சரியா தவறா என்பது எழுத்தரின் இஷ்டம். 1965 வாக்குரிமைச் சட்டம் அதற்குத் தடை போட்டது. குடியுரிமைத் தேர்வில் சொற்களை முன்கூட்டியே அச்சடித்துக் கொடுப்பதன் அருமை இந்தப் பின்னணியில்தான் புரியும்: கேட்கப்போவது என்ன என்பது இரு தரப்புக்கும் தெரியும்.

விடுமுறைகள்

பட்டியலின் சுவையான பகுதி இதுதான். ஏழு நாட்கள்: அதிபர்கள் நாள், நினைவு நாள், கொடி நாள், விடுதலை நாள், தொழிலாளர் நாள், கொலம்பஸ் நாள், நன்றி கூறும் நாள். மார்ட்டின் லூதர் கிங் நாள் இல்லை. 2021இல் விடுமுறையான, அடிமை ஒழிப்பைக் கொண்டாடும் ஜூன்டீன்த்தும் இல்லை.

அதிபர்கள் நாள் என்று கூட்டாட்சிச் சட்டத்தில் ஒரு விடுமுறையே கிடையாது. சட்டப்படி அது வாஷிங்டன் பிறந்தநாள். பிப்ரவரி மூன்றாம் திங்கள் என்று 1971 முதல் நகர்த்தியதால், அவர் உண்மையில் பிறந்த 22ஆம் தேதியில் அது ஒருபோதும் வராது. கடைக்காரர்களின் தள்ளுபடி விளம்பரங்கள் பரப்பிய பெயரை அரசின் சொற்பட்டியலே ஏற்றுக்கொண்டுவிட்டது.

தொழிலாளர் நாள் செப்டம்பர் முதல் திங்களில் வரும். உலகம் முழுவதும் மே 1 கொண்டாடப்படுவதற்கு மூலம் 1886 மே மாதம் அமெரிக்காவில், குறிப்பாகச் சிகாகோவில், எட்டு மணிநேர வேலைக்காக நடந்த கிளர்ச்சி. ஆனால் அமெரிக்காவில் அந்த நாள் விடுமுறை இல்லை. 1894இல் புல்மன் ரயில்பெட்டித் தொழிலாளர் வேலைநிறுத்தம் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தபோது அதிபர் குரோவர் கிளீவ்லாந்து செப்டம்பர் விடுமுறைக்குக் கையெழுத்திட்டார். சில நாட்களில் அதே வேலைநிறுத்தத்தை அடக்கப் படையையும் அனுப்பினார். மே 1ஐ விசுவாச நாள் என்று 1958இல் அறிவித்து, மிச்சமிருந்த சிவப்பையும் கழுவப் பார்த்தார்கள். சிகாகோவின் அந்த நாளை இந்தியாவில் முதலில் கொண்டாடியவர் சென்னையில் சிங்காரவேலர், 1923இல்.

நன்றி கூறும் நாளின் வேர் 1621இல் பிளிமத்தில் ஆங்கிலேயக் குடியேறிகளும் வாம்பனோவாக் மக்களும் சேர்ந்து உண்ட அறுவடை விருந்து. அதை ஆண்டுதோறும் வரும் தேசிய நாளாக்கியது உள்நாட்டுப் போர். பெண்கள் பத்திரிகை ஆசிரியர் சாரா ஜோசபா ஹேல் பல ஆண்டுகள் அதிபர்களுக்கும் ஆளுநர்களுக்கும் கடிதம் எழுதிச் சலிக்காமல் கேட்டுவந்தார். 1863இல் லிங்கன் இசைந்தார். நவம்பர் கடைசி வியாழன் என்று இருந்ததை 1939இல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஒரு வாரம் முன்னே தள்ளினார். கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்குக் கூடுதல் நாள் வேண்டும் என்பது வணிகர்கள் கோரிக்கை. சில மாநிலங்கள் ஒப்புக்கொண்டன, சில மறுத்தன. நாடு இரண்டு நாள் வான்கோழி சமைத்தது. நான்காம் வியாழன் என்று 1941இல் காங்கிரஸ் சட்டம் போட்டு அந்தக் கூத்தை முடித்தது.

படிவத்தில் இருக்கிறது கஷ்டம்

இத்தனை எளிய பட்டியல் இருந்தும் ஆங்கிலத்தில் சறுக்குபவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் சறுக்கும் இடம் வேறு. வாசிப்பிலும் எழுத்திலும் அதிகாரிகள் தாராளம்தான். பொருள் கெடாதவரை எழுத்துப்பிழையை மன்னிக்கிறார்கள். சொல்லைச் சுருக்கி எழுதினால்தான் ஆபத்து. ஆனால் பேச்சுத் திறனுக்குத் தனித் தேர்வு கிடையாது. குடியுரிமை விண்ணப்பமான என்-400 படிவத்தை வைத்துக்கொண்டு அதிகாரி கேட்கும் கேள்விகளே பேச்சுத் தேர்வு. அந்தப் படிவத்தின் சொற்களுக்கும் பட்டியலின் சொற்களுக்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம்.

சர்வாதிகாரக் கட்சியில் இருந்ததுண்டா? இனப்படுகொலையிலோ சித்திரவதையிலோ பங்கு உண்டா? துணைராணுவக் குழு? நாடு கடத்தப்பட்டதுண்டா? வரிசையாக எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று வந்துகொண்டிருக்கும்போது கேள்வியின் திசை திரும்பும். அரசமைப்பை ஆதரிக்கிறீர்களா, உறுதிமொழி புரிகிறதா, சட்டம் கேட்டால் ஆயுதம் ஏந்துவீர்களா என்ற கேள்விகளுக்கு ஆம் என்று சொல்ல வேண்டும். பழக்கதோஷத்தில் இல்லை என்று சொல்லித் திடுக்கிடுபவர்கள் உண்டு. ஆம் என்றவரிடமும் அதிகாரி விடாமல், உறுதிமொழி என்றால் என்ன, சொந்த வார்த்தையில் சொல்லுங்கள் என்று கேட்கலாம். பயிற்சி வகுப்புகளில் சொற்பட்டியலை விட இந்தப் பகுதிக்கே அதிக நேரம் செலவிடுவது நியாயம்தான்.

குடிமையியல் வினாக்கள் வேறு பகுதி. அதில்தான் அரசியல் மாறும்போது மாற்றமும் வருகிறது. 2008இன் முறையில் 100 வினாக்களில் பத்தைக் கேட்டு, ஆறு சரியானால் தேர்ச்சி. 2020 டிசம்பரில் வினாக்கள் 128 ஆயின. இருபதைக் கேட்டுப் பன்னிரண்டு சரியாக வேண்டும் என்றார்கள். ஆட்சி மாறியதும் சில மாதங்களில் அது கைவிடப்பட்டது. 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 128 வினாக்கள் கொண்ட தேர்வு திரும்பி வந்திருக்கிறது. தோற்றவர்கள் அறுபது முதல் தொண்ணூறு நாட்களுக்குள், தோற்ற பகுதியை மட்டும் இன்னொரு முறை எழுதலாம்.

வயதானவர்களுக்கு ஆங்கிலத்திலிருந்தே விலக்கு உண்டு. 50 வயதைக் கடந்து இருபது ஆண்டுகளோ, 55ஐக் கடந்து பதினைந்து ஆண்டுகளோ பச்சை அட்டையோடு வாழ்ந்தவர்கள் மொழிபெயர்ப்பாளரை அழைத்துச் சென்று தங்கள் மொழியிலேயே குடிமையியல் வினாக்களுக்கு விடை சொல்லலாம். தமிழிலும் சொல்லலாம். 65 வயதும் இருபது ஆண்டு வசிப்பும் இருந்தால் படிக்க வேண்டிய வினாக்களே இருபதாகச் சுருங்கும்.

கடைசிக் கட்டம் உறுதிமொழி. வேற்று நாட்டு மன்னர், அரசு எவருக்கும் இருந்த விசுவாசத்தை முற்றாகத் துறப்பதாகச் சொல்லும் அதன் நடை பழைய சட்ட ஆங்கிலம். அதில் வரும் சொற்கள் பல எந்தப் பட்டியலிலும் இல்லை, அன்றாடப் பேச்சிலும் இல்லை. சில நாட்டினருக்கு இது வாய்வார்த்தையோடு போய்விடும், அவர்கள் நாடு இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதால். இந்திய அரசமைப்பின் 9ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை. இந்தியராக இருந்தவர் உறுதிமொழி எடுத்த பிறகு இந்தியக் கடவுச்சீட்டைத் தூதரகத்தில் ஒப்படைத்துத் துறப்புச் சான்று பெற வேண்டும். 2005 முதல் வழங்கப்படும் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள் அட்டையின் பெயரில் குடிமக்கள் என்று இருந்தாலும், அதை வைத்திருப்பவருக்கு இந்தியாவில் வாக்கு கிடையாது.